கதவுக்குக் கீழே ஓர் அங்குலம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் குளியலறைச் சுவரில் கரும்புள்ளிகள் வந்துவிடும். கார்த்திகைக்குள் அவை ஒன்றோடொன்று கூடி, மேல்மூலை முழுவதும் கறுத்துப்போகும். வீடு ராமேசுவரத்துக்கு அருகே, மண்டபம் என்ற கடலோர ஊரில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கக் காற்றும் ஈரத்தோடுதான் வரும். குளியலறைக்கு இருந்த ஒரே வென்டிலேட்டர் வடக்குப் பார்த்தது. வாடையில் சாரல் அடிக்கிறது என்று அப்பா அதைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்.

நான்கு மழைக்காலம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தேன். சுவர் வெளுக்கும், மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே புள்ளிகள். வழவழப்பான டைல்ஸ் மேல் இருப்பது கழுவினால் போய்விடும். சிமெண்ட் பூச்சிலும் டைல்ஸ் இடுக்கிலும் பூஞ்சை உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே கறையை வெளுத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை அது மறுபடியும் தலைதூக்கும்.

ஒருநாள் அவசரத்தில் அம்மா, பிளீச்சிங் போட்ட தரையிலேயே கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஏற்கெனவே இளைப்புக்காரர்; கண் எரிந்து, இருமிக்கொண்டே சுவரைப் பிடித்து வெளியே வந்தார். தயவுசெய்து இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள், அடைபட்ட அறையில் உயிருக்கே ஆபத்து. அன்றோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடத் தொடங்கினேன்.

கண்ணாடியை எடுத்துவிட்டு, சாரல் படாதபடி வெளியே மூடி வைத்து, அங்கே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது என்பதால் பிளாஸ்டிக் உடம்புள்ளதாகப் பார்த்து வாங்கினேன். சத்தம் வந்தது, ஈரம் போகவில்லை. பார்க்க வந்த கொத்தனார் அண்ணன் நாளிதழில் ஒரு துண்டு கிழித்து ஃபேன் முன்னால் வைத்தார். கதவு சாத்தியிருந்தபோது தாள் நழுவிக் கீழே விழுந்தது. கதவைக் கொஞ்சம் திறந்ததும் ‘சப்’பென்று கம்பியில் ஒட்டிக்கொண்டது. "வெளியே தள்ளுவதற்கு உள்ளே காற்று வர வேண்டாமா தம்பி?" என்றார். எங்கள் பிவிசி கதவு தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அடியில் ஓர் அங்குலம் அறுத்தோம். நிலைப்படிக் கல் உயரமாக இருப்பதால் தண்ணீர் கூடத்துக்கு வரவில்லை.

அவர் அதோடு விடவில்லை. கீழ்ச்சுவரின் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. வீடு கட்டும்போது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருக்கிறோம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக்கொள்ளும்; மழைக்காலத்தில் எங்கள் ஊரில் அது சாதாரணம். அப்படியென்றால் யாரும் குளிக்காவிட்டாலும் அந்தச் சுவர் நனைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது! இது தெரியாமல் எத்தனை பெயிண்ட் அடித்தோம்.

மாசியில் அந்தப் பகுதியைச் செங்கல் தெரியக் கொத்தினோம். நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கிக் கலவை போட்டு, நன்றாகக் காயவிட்டோம். மேலே பெயிண்ட் வேண்டாம் என்று சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை, சுவரும் மூச்சுவிடும். செலவு கொஞ்சம் கடித்தது. ஆனால் அம்மாவின் இருமலை நினைத்தால் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இப்போது குளித்து முடித்தவர் சுவரையும் தரையையும் வைப்பரால் இழுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஃபேன் அரைமணி நேரம் ஓடும். அடைமழை நாட்களில் வெளிக்காற்றே நனைந்திருப்பதால் ஃபேன் மட்டும் போதாது. காய்ந்த துணியால் மூலைகளையும் துடைக்கிறோம். ஈரத்துண்டை உள்ளே தொங்கவிடுவதில்லை.

போன கார்த்திகையில் மேல்மூலை வெள்ளையாகவே இருந்தது. வாளிக்குப் பின்னால் மட்டும் ஐந்தாறு புள்ளிகள். வாளியைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.