அப்பா வீட்டில் என் பங்கு: இலவச சட்ட உதவியில் நடந்த வழக்கு

கையில் காசில்லை, சிவில் கேஸெல்லாம் நமக்கு எதற்கு என்று தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். உயில் எழுதாமலே போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. அண்ணனோ வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு, "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்றார். விசாரித்தபோது, சொத்து என் அனுபவத்தில், அதாவது என் கைவசத்தில், இல்லாததால் என் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் பீஸ் கட்ட வேண்டும் என்றார்கள். பங்கு பத்து லட்சம் என்றால் 30,000 ரூபாய். வக்கீல் பீஸ் தனி. துணி தைத்துப் பிழைக்கும் எனக்கு அது எட்டாத தொகை.

எங்கள் மகளிர் குழுவில் ஓர் அக்கா சட்டத் தன்னார்வலராக இருக்கிறார். அவர்தான் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே உதவி கேட்டு எழுதிய மனுவை வாங்கிப் பார்த்தவர், "வருமானச் சான்று வாங்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா அசரவில்லை. "பொம்பளைங்களுக்கு அது வேண்டாமே சார், 12ஆம் பிரிவைப் பாருங்க" என்றார். அந்த அலுவலரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார்.

நிறையப் பேர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று வரிசையாக இருக்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். யாராவது வருமானச் சான்று கேட்டால், எந்தப் பிரிவில் மனு கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். யாரிடமும் இரக்கம் கேட்டுப் போகவில்லை. அரசியலமைப்பின் 39ஏ பிரிவே இதை அரசின் கடமை என்கிறது.

மனு பெரிய சமாச்சாரம் இல்லை. யார் மேல், என்ன வழக்கு என்று எழுதி, மூலப்பத்திர நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, ஆதார் நகல் வைத்தேன். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இலவச வக்கீல் என்றால் வாய்தா வாங்கியே இழுப்பார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு பெண் வக்கீல். பிராதில் (கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனுவில்) கையெழுத்துப் போடும் முன் மூலப்பத்திரத்தை என் கையில் கொடுத்து நான்கு எல்லைகளையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவர் தன் காகிதத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். தெற்கே பொதுப்பாதை என்பது மேற்கே என்று டைப் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தையே மறுபடி அடிக்கச் சொன்னார். வழக்கு முடியும்வரை அண்ணன் வீட்டை விற்காமல் இருக்கத் தடை உத்தரவும் கேட்டு வாங்கினார்.

இடையில் ஒருவர் டைப்பிங்குக்கும் பேட்டாவுக்கும் என்று பணம் கேட்டார். கொடுக்கவில்லை. கோர்ட் பீஸ், சம்மன் செலவு, டைப்பிங், நகல் எல்லாமே சட்ட உதவிக்குள் அடக்கம். வக்கீலுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே பணம் தரும். குழுவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. வக்கீல் சரியில்லை என்றாலும் இதே மாதிரி எழுதிக் கொடுத்து மாற்றிக் கேட்கலாம்.

வழக்கு, இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போனது. வீட்டை அண்ணனே வைத்துக்கொண்டு என் பங்குக்குப் பணமாகத் தவணையில் தருவதாகப் பேசி முடித்தோம். கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அதில் வருத்தமில்லை. அங்கே சம்மதித்து முடித்ததற்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்துப் போடும் முன் தவணைத் தேதிகளை வக்கீலிடம் வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். முதல் தவணை வந்துவிட்டது. அடுத்தது வராவிட்டால், அந்தத் தீர்வு கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம் என்பதால், அதை நிறைவேற்றித் தரச் சொல்லி நேரே நிறைவேற்று மனு போடலாம். அதற்கும் இதே குழுவில் உதவி கேட்கலாம். அலுவலகம் எங்கே என்று தெரியாதவர்கள் 15100 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.