விரிசலுக்குப் பிறகு தொடங்கும் சோதனை

கான்கிரீட் உடையும் கணத்தோடு என் வேலை முடிந்துவிடுகிறது என்றே தரக் கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். கனசதுர மாதிரியை எந்திரத்தில் வைத்து அழுத்துவோம், அது நொறுங்கும், உச்ச எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்ததை எடுப்போம். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்குக்கு எஃகு இழைக் கான்கிரீட்டில் தரைத்தளம் போட்டபோதுதான் அந்தப் பழக்கம் என்னைக் கைவிட்டது.

ஒப்பந்தத்தில் அதற்கென இருந்தது ஒரே ஒரு வரி: எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கான்கிரீட், கனமீட்டருக்கு 25 கிலோ எஃகு இழை. கன அளவில் பார்த்தால் இது 0.32 சதவீதம்தான். முதல் நாள் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பிடி கலவையை அள்ளிப் பார்த்த மேஸ்திரி, "குண்டூசியத் தூவுன மாதிரி இருக்கு, இதையா சார் கம்பிக்குப் பதிலுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். அப்போது நான் சமாளித்துப் பேசினேனே தவிர, அவருக்குத் தரவேண்டிய பதில் என்னிடம் இல்லை.

பாதி வேலையில் கொள்முதல் பிரிவு இழையை மாற்றியது. முதலில் வந்தது 60 மில்லிமீட்டர் நீளமும் 0.75 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட, இரு முனையும் வளைந்த இழை. பிறகு வந்தது 50 மில்லிமீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள, விலை குறைந்த இழை. இரண்டிலும் 25 கிலோவே போட்டதால் ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை. ஆனால் முதல் வகையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4,800 இழைகள் இருக்கும், இரண்டாவதில் ஏறக்குறைய 3,200தான். விரிசலின் குறுக்கே கிடந்து தாங்கப்போவது கிலோ அல்ல, அந்த இழைகளும் அவற்றின் பிடிமானமும்தான். இதைச் சொல்லி நான் எதிர்ப்புத் தெரிவித்தபோது, ஒரு சோதனைக்கூடத்தின் அறிக்கையை என் மேசையில் போட்டார்கள். இரண்டு கலவைக்கும் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது தாங்கும் உச்சம், கிட்டத்தட்ட ஒன்று என்றது அது.

அந்த எண் பொய்யல்ல, ஆனால் கேள்விக்கு அது பதிலும் அல்ல. பிட்ஸ்பர்கில் ரொமுவால்டியும் பாட்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வுகள், கம்பிகள் நெருக்கமாகக் கிடந்தால் முதல் விரிசல் விழும் சுமையே உயரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து புறப்பட்டவை. தொழிலில் நாம் கலக்கும் சிறிய அளவுகளில் அந்த உயர்வு பெரிதாக இல்லை என்பதும், இழையின் பயன் விரிசல் விழுந்த பின் அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் இருக்கிறது என்பதும் பிந்தைய ஆய்வுகளில் தெளிவாயின. உச்ச வலிமையைத் தருவது கான்கிரீட். அதை மட்டும் அளந்தால் நல்ல இழையும் சுமாரான இழையும் ஒன்றாகத்தான் தெரியும்.

விரிசலுக்குப் பிந்தைய நிலையை எப்படி அளப்பது என்பதில் தரநிலைகளே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சி1018, முதல் விரிசலின்போது ஏற்படும் தொய்வை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டது. அந்தச் சிறிய தொய்வைத் துல்லியமாகப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அது 2006இல் விலக்கப்பட்டு, அதன் இடத்தில் சி1609 நிலைத்தது. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14651 வேறு வழியில் போகிறது. 150 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டுள்ள உத்தரத்தின் அடியில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டு போட்டு, அந்த வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மில்லிமீட்டர் திறக்கும்போது எஞ்சி நிற்கும் வலிமையைக் குறிக்கிறது. வாய் திறக்கும் வேகத்தை வைத்தே எந்திரம் சுமையைக் கட்டுப்படுத்த வேண்டும். சாதாரண எந்திரத்தில் விரிசல் விழுந்த நொடியே சுமை சடாரென இறங்கி, நமக்கு வேண்டிய பகுதி பதிவாகாமல் போய்விடும். எங்கள் கைக்கு வந்த அறிக்கை அப்படிப்பட்ட எந்திரத்தில் பிறந்தது.

சரியான எந்திரம் உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியபோது தவறு எங்கள் பக்கம் நேர்ந்தது. அச்சின் நடுவில் முதலில் கொட்டி, பிறகு இரு முனைகளையும் நிரப்பி, வெளியிலிருந்து அதிர்வு தந்து இறுக்க வேண்டும் என்கிறது தரநிலை. எங்கள் பையன்களோ வழக்கம்போல ஊசி வைப்ரேட்டரை உள்ளே இறக்கிவிட்டார்கள். அது நுழைந்த இடங்களில் இழை ஒதுங்கியிருந்தது, உடைந்த முகத்தைப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. முறைப்படி வார்த்தாலும் முடிவுகள் சிதறத்தான் செய்யும், ஏனென்றால் வெட்டுக்கு மேல் எஞ்சும் 150க்கு 125 மில்லிமீட்டர் பரப்பைக் கடக்கும் இழைகள் சிலவே. 800 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டை மூன்று முனைகளில் தாங்கி உடைக்கும் ஏஎஸ்டிஎம் சி1550இல் விரிசலின் நீளம் கூடுவதால் சிதறல் குறைகிறது. ஆனால் அந்தத் தட்டைத் தூக்கி வைக்க ஆள் தேடுவது தனிப் பாடு.

மறுமுறை வார்த்த உத்தரங்களின் வரைகோடுகள் இரண்டு இழைகளுக்கும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மேஸ்திரிக்கான பதிலும் அப்போதுதான் கிடைத்தது. மண்ணின் மேல் படுத்திருக்கும் தளத்தில், சரக்கு அடுக்கும் ரேக்கின் காலுக்கு அடியில் விரிசல் விழுந்தாலும் இழை அங்கே விறைப்பைக் கைவிடாமல் வைத்திருந்தால், சுமை சுற்றியுள்ள பகுதிக்கும் பகிரப்படுகிறது. தொழிற்கூடத் தரைகளுக்கான பிரிட்டிஷ் கையேடான டிஆர்34 கணக்கிடுவது இந்தப் பகிர்வைத்தான். தொங்கும் கூரைத் தளத்துக்கு இதே துணிச்சல் கூடாது. சர்வதேசக் கட்டமைப்புக் கான்கிரீட் கூட்டமைப்பான ஃபிப்பின் மாதிரி விதித்தொகுப்பு 2010, கம்பிக்கு ஈடாக இழையைக் கணக்கில் எடுக்க இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது: 0.5 மில்லிமீட்டர் திறப்பில் எஞ்சும் வலிமை முதல் விரிசல் வலிமையில் 0.4 பங்குக்கு மேல் இருக்க வேண்டும், 2.5 மில்லிமீட்டரில் எஞ்சுவது 0.5 மில்லிமீட்டரில் எஞ்சியதில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். நம் நாட்டில் சாலைத் தளங்களுக்கு 1997இல் வந்து 2013இல் திருத்தப்பட்ட, இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி எஸ்பி 46 இருக்கிறது. கட்டடக்காரர்கள் கையில் வைத்திருக்கும் இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456, சிறப்புப் பயன்பாடுகளுக்கு இழையை அனுமதித்து, விவரத்துக்குத் துறை நூல்களைப் பார்க்கச் சொல்வதோடு நின்றுகொள்கிறது.

அடுத்த வேலையின் விவரக்குறிப்பை நானே எழுதினேன். கிலோவை எடுத்துவிட்டு, எஞ்சும் வலிமையின் இரண்டு மதிப்புகளையும் சோதனை முறையையும் குறிப்பிட்டேன். எந்த இழை, எவ்வளவு என்பதைக் கான்கிரீட் தருபவர் சோதித்துக் காட்டட்டும் என்பது ஏற்பாடு. அவர் காட்டினார். ஆனால் காட்டிய அளவு வண்டிக்கு வண்டி வருகிறதா என்று பார்த்தாக வேண்டுமே. ஒவ்வொரு வண்டிக் கலவையிலும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று மாதிரி எடுக்க வேண்டும். தனி மாதிரி எதிலும் இழை குறித்த அளவில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மூன்றின் சராசரி 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது ஐரோப்பியக் கான்கிரீட் தரநிலையான இஎன் 206இன் விதி. ஆகவே கிலோவை ஆவணத்திலிருந்து நீக்கிய நானே, விடியற்காலையில் டிரான்சிட் மிக்சருக்குப் பக்கத்தில் கலவையைத் தண்ணீரில் அலசி, காந்தத்தால் இழையைப் பொறுக்கி, தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன்.