ஐந்து லட்சம் போடுவதற்கு முன் மூன்று மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 18 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். மாதம் 14ஆம் தேதி, எங்களுக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் அதை எங்கள் பர்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். நூல் மில், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர் என்று 300 பில்லுக்குக் குறையாது. அவர்கள் பில்லை ஏற்றாவிட்டால் அதில் கட்டிய வரியை நாங்கள் கழிக்க முடியாது; ஏற்றாத பார்ட்டிகளுக்குப் போன் போட்டே அந்த ஆறு நாளும் போய்விடும்.

இந்த வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட் (படிப்படியாகத் தானே முடிவெடுத்து வேலை செய்யும் நிரல்) தானாகவே முடித்துத் தரும் என்று கோவை பீளமேட்டில் இரண்டு இளைஞர்கள் ஸ்டார்ட்அப் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் முன்பு எங்கள் அலுவலகத்தில் இருந்தவர். "ஐந்து லட்சம் போட முடியுமாங்கண்ணா?" என்று கேட்டார். அந்தப் பணம் முழுக்கப் போனாலும் வீடு ஆடாது என்று மனைவியும் நானும் பேசி முடிவெடுத்த பிறகுதான் டெமோ பார்க்கவே போனேன்.

டெமோ பிரமாதம். விடுபட்ட பில்களைக் கண்டுபிடித்து, பார்ட்டிகளுக்கு அதுவே மெயில் எழுதியது. ஆனால் அது அவர்கள் தயார் செய்து வைத்த கணக்கு. முதலாளியிடம் அனுமதி வாங்கி, நான் ஏற்கெனவே முடித்த ஒரு பழைய மாதத்தின் கணக்கைக் கொண்டுபோய், "தம்பி, இதை ஓட்டுங்க" என்றேன். நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

மதியம் வரை நன்றாகப் போனது. அப்புறம் ஒரு நூல் மில் பில்லில் தடுமாறியது. 2,40,000 ரூபாய் நூல், 12,000 ரூபாய் வரி. அந்த பில் 2பி-யில் இல்லை. ஆனால் அதே மில்லின் முந்தைய மாத பில் ஒன்று தாமதமாக ஏறியிருந்தது. ஒரே கவுன்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்), ஒரே மூட்டை எண்ணிக்கை, அதனால் ஒரே தொகை. ஏஜென்ட் இரண்டையும் சேர்த்து 'பொருந்தியது' என்று போட்டுவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே அந்தத் தவறின் மேல்தான் ஏறியது. மில்லுக்கு மெயில் போகவில்லை, சுருக்கத்தில் நிலுவை இல்லை என்று வந்தது. ஏன் என்று கேட்டால், பில் எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கலாம் என்று அழகாக ஒரு காரணம் எழுதியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் காரணம்தான். எங்கள் அலுவலகப் பையன் யாராவது இருந்தால் என்னிடம் வந்து கேட்டிருப்பான்.

அன்று ராத்திரி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக நடந்தாலும், 20 படி கடந்தால் எல்லாம் சரியாக முடிய வாய்ப்பு 36 சதவீதம்தான். தம்பிகள் மறுக்கவில்லை. ஆறு வாரம் உழைத்து, பில் எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்று மனிதரைக் கேட்கும்படி மாற்றினார்கள். நம் ஒப்புதல் இல்லாமல் மெயில் போகாது. இதைச் செய்திருக்காவிட்டால் நான் பணம் போட்டிருக்க மாட்டேன்.

அடுத்து செலவுக் கணக்கு. ஏஜென்ட் ஒவ்வொரு படியிலும் அதுவரை நடந்த அத்தனையையும் மறுபடி மாடலுக்கு, அதாவது பின்னால் இருந்து யோசிக்கும் ஏஐக்கு, அனுப்புகிறது; அனுப்பும் எழுத்தின் அளவை டோக்கன் என்ற துண்டுகளாக எண்ணித்தான் கட்டணம், அதனால் படி கூடக்கூட டோக்கன் செலவு ஏறுகிறது. ஒரு வாடிக்கையாளர் மாதம் 6,000 ரூபாய் கொடுத்தால் மாடலுக்கே 3,800 போய்க்கொண்டிருந்தது. எளிய ஒப்பீடுகளைச் சாதாரண நிரலுக்கு மாற்றியதும் அது 1,500க்கு இறங்கியது. பெரிய மாடல் கம்பெனிகளே நாளைக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். டேலி என்ற கணக்கு மென்பொருளோடு இணைப்பதும் இந்த ஊர்ப் பார்ட்டிகளின் பழக்கத்தை அறிவதும்தான் தங்கள் பலம் என்றார்கள். பாதி ஏற்றுக்கொண்டேன்.

காகித வேலையை ஆடிட்டர் பார்த்தார். கம்பெனிச் சட்டம் 42ஆம் பிரிவுப்படி பங்கு வாங்க அழைக்கும் பிஏஎஸ்-4 கடிதம் என் பெயருக்கு வந்தது. பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களுடைய தனிக் கணக்குக்குப் போனது. 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். 41ஆம் நாள் ஒதுக்கினார்கள்.

இப்போது எங்கள் கம்பெனியிலும் அது ஓடுகிறது. எனக்கு அதில் பங்கு இருப்பதை முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். போன மாதம் ஒன்பது பில்லை நிறுத்திவைத்துக் கேட்டது. ஏழில் அதன் சந்தேகம் சரி. மற்ற இரண்டை ஏன் நிறுத்தியது என்று தம்பியோடு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.