1939: அயோவா அணியின் எட்டுச் சனிக்கிழமைகள்

செப்டம்பர் 30, 2023, சனி

இந்த ஆண்டின் நாட்காட்டி 1939-ஆம் ஆண்டினுடையதோடு கிழமை பிசகாமல் பொருந்துவதைக் கண்டதும், அயோவா பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு ஆடிய எட்டு ஆட்டங்களையும் அந்தந்தச் சனிக்கிழமையிலேயே படித்துக் குறித்துவைப்பது என்று முடிவு செய்தேன். இது நம் ஊர்க் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். முந்தைய ஆண்டு எட்டில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த அணியை, மருத்துவரான எடி ஆண்டர்சன் புதிய பயிற்சியாளராக ஏற்று, முதல் நாளிலேயே தெற்கு டகோட்டாவை 41-0 என்று வீழ்த்தினார்.

அக்டோபர் 14, சனி

சென்ற வாரம் இந்தியானாவை 32-29 என்று வென்றவர்கள் இன்று மிச்சிகனிடம் 27-7 என்று தோற்றார்கள். மிச்சிகனின் 27 புள்ளிகளையும் டாம் ஹார்மன் என்ற ஒருவரே எடுத்தார்.

நவம்பர் 4, சனி

பர்டியூவை 4-0 என்று வென்றிருக்கிறார்கள். எதிரணியினரை அவர்களுடைய கோல் பகுதிக்குள்ளேயே மடக்கினால் கிடைக்கும் இரண்டு புள்ளிகள், இருமுறை. இந்த அணியின் பிடிவாதம் எனக்கு முதலில் புரிந்தது இந்த எண்ணில்தான்.

நவம்பர் 11, சனி

அதுவரை தோல்வியே காணாத நோட்டர் டேம் அணி அயோவா நகருக்கு வந்தது. ஆண்டர்சன் மாணவராக இருந்தபோது ஆடிய அணியும் அதுவே. முதல் பாதியின் முடிவில் அயோவாவின் நைல் கின்னிக் பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளிகள் எடுத்தார். கூடுதல் புள்ளிக்காகப் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும் கணத்தில் காலால் உதைத்து அனுப்பினார். இறுதியில் 7-6 என்று அமைந்த வெற்றிக்கு அந்த ஒற்றைப் புள்ளியே காரணம். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் உதைத்த பந்து 63 கெஜம் சென்று, எதிரணியின் கோல் கோட்டுக்கு ஆறு கெஜத்தில் களத்தைவிட்டு வெளியேறியது.

நடுவில் வெளியேறியவர் அதே கால்பகுதியில் திரும்ப வரக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொருவர்தாம் நிற்க வேண்டும். மாற்றாட்களும் மிகக் குறைவு என்பதால், பலர் அறுபது நிமிடமும் களத்தில் நின்றார்கள். ‘இரும்பு மனிதர்கள்’ என்ற பட்டம் இவர்களுக்கு வெற்று அலங்காரம் அன்று.

நவம்பர் 18, சனி

மின்னசோட்டா 9-0 என்று முன்னிலையில் இருக்க, கடைசிக் கால்பகுதி தொடங்கியது. கின்னிக் எறிந்த பந்தை முதலில் எர்வின் பிராஸி பிடித்தார். பிறகு, சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, பில் கிரீன் பிடித்தார். இரண்டும் புள்ளிகளாக, 13-9 என்று அயோவாவுக்கு வெற்றி. படிக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நவம்பர் 25, சனி

நார்த்வெஸ்டர்னுடன் 7-7, சமன். தொடர்ந்து 402 நிமிடங்கள் களத்தைவிட்டு அகலாத கின்னிக், இன்று தோள்மூட்டுக் காயத்தால் வெளியேறினார். ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன் என்று பருவம் முடிந்தது.

டிசம்பர் 9, சனி

ஆட்டம் இல்லாத சனிக்கிழமை. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை நியூயார்க்கில் பெற்றுக்கொண்ட கின்னிக், தாம் ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் ஆடுகளங்களில் போராட வாய்த்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஐரோப்பாவில் போர் மூண்டு மூன்று மாதங்களே ஆகியிருந்தன.

பின்னர் அவர் கடற்படை விமானியானார். 1943 ஜூன் 2 அன்று, வெனிசுவேலாவை ஒட்டிய பாரியா வளைகுடாவில், லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்குப் பறந்த அவருடைய விமானத்தில் எண்ணெய் கசிந்தது. கப்பலின் தளத்தில் இறங்க முயலாமல் கடலில் இறக்கினார். மீட்கச் சென்றவர்கள் அங்கே கண்டது நீரின்மேல் படர்ந்திருந்த எண்ணெயை மட்டுமே. அவருக்கு வயது 24.