அம்மைன்னு நெனச்சு வேப்பிலை கட்டுனோம்

தம்பி இப்ப நல்லா இருக்கான், அத மொதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா இத படிக்கிற சொந்தக்காரங்க பாதியிலயே போன் பண்ணுவீங்க.

போன வருஷம் பங்குனி கடைசில கடலூர் ஓ.டி. துறைமுகத்துல ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்தவன் வெட்டி வெட்டி இழுத்து கீழ விழுந்துட்டான். கூட இருந்தவங்க கையில சாவிக்கொத்த திணிச்சாங்களாம் (சாவிக்கெல்லாம் வலிப்பு நிக்காது, ஒருக்களிச்சு படுக்க வச்சாலே போதும், ஆனா அந்த பதட்டத்துல யாருகிட்ட போய் சொல்றது). ஸ்கேன் எடுத்து ஃபெனிடாயின்னு ஒரு வலிப்பு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, ராத்திரி மூணு, ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னாங்க. காய்ச்சலோ தடிப்போ வந்தா ஒடனே வாங்கன்னு மட்டும் யாரும் சொல்லல, அந்த கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

சரியா நாலாவது வாரம், கத்திரி வெயில் ஆரம்பிக்கிற நேரம், காய்ச்சல் வந்துச்சு. மறுநாள் நெஞ்சு முதுகெல்லாம் செவசெவன்னு பொடிப்பொடியா தடிப்பு, மூஞ்சி வேற வீங்கிடுச்சு. பக்கத்து வீட்டு ஆயா பாத்துட்டு மணல்வாரின்னு சொல்லிடுச்சு, அவ்ளோதான், வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு, தாளிக்கிறது நிறுத்தியாச்சு, ஒடம்பு பூரா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு பூசியாச்சு. அந்த மஞ்சள்தான் எங்கள ஏமாத்துச்சு, உள்ளங்கை மஞ்சளா இருந்தா பூசுனதுன்னு தான நெனப்போம். தண்ணி ஊத்துன அன்னிக்கு வெயில்ல உக்கார வச்சு கண்ண இழுத்துப் பாத்தேன், வெள்ளையே இல்ல. ஒண்ணுக்கும் கடுங்காப்பி கலர்ல போகுதுன்னு அப்பதான் வாய தொறந்து சொல்றான்.

சரி காமாலைன்னு அம்மா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கி மூணு நாள் வெறும் வயித்துல குடுத்துச்சு. இதுக்கு நடுவுல அந்த ஃபிட்ஸ் மாத்திரைய மட்டும் ஒரு வேள விடாம குடுத்தோம், சாப்பிட்டத வாந்தி எடுத்தா கூட திரும்ப குடுத்தோம். அதுலதான் எங்களுக்கு அவ்ளோ பொறுப்பு.

நாலாவது நாள் வண்டி புடிச்சு கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் தாண்டி நேரா புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க கழுத்துல நெறி கட்டியிருந்தத தடவிப் பாத்துட்டு, ரெண்டு மாசத்துக்குள்ள புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களான்னு கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன்! அம்மாதான் ஒயர் கூடைய தொழாவி அந்த பட்டைய எடுத்து நீட்டுச்சு. லிவர் டெஸ்ட்ல எஸ்.ஜி.பி.டி.ன்னு ஒண்ணு நாப்பதுக்குள்ள இருக்கணும், இவனுக்கு ஆயிரத்தத் தாண்டி நின்னுச்சு, ரத்தத்துல ஈசினோஃபிலும் (அலர்ஜில ஏறுற வெள்ளணு) ஏறியிருந்துச்சு. காய்ச்சல், தடிப்பு, நெறி, காமாலை, நாங்க தனித்தனி வியாதியா பாத்தது எல்லாம் அந்த ஒரே மாத்திரை வேல.

இது டோஸ் கூடிப்போனதால இல்லயாம், சில பேரு ஒடம்பு அந்த மருந்தயே எதிரியா எடுத்துக்கும், பொதுவா மொத ரெண்டு மாசத்துக்குள்ள வரும்னாங்க. 1938லயே ஃபிட்ஸுக்கு கேக்கும்னு கண்டுபுடிச்ச மருந்து, எத்தனையோ பேரு வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாம சாப்புடுறாங்க. அதனால இத படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, சட்டுனு நிறுத்துனா வலிப்பு விடாம வரலாம், டாக்டருங்கதான் மாத்தணும். இதே ஜாதி வலிப்பு மாத்திரைங்கதானாம் கார்பமாசெபினும் ஃபீனோபார்பிட்டோனும், இவனுக்கு அதுவும் ஆகாது, கூடப் பொறந்தவ எனக்கும் ஆகாம போகலாம்னாங்க. வால்ப்ரோயேட்டுன்னு இன்னொரு வலிப்பு மாத்திரையும் லிவரத் தாக்கும், ஆனா அது வேற விதம், ரெண்டு வயசுக்குள்ள இருக்குற கொழந்தைங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி.

ஃபெனிடாயின நிறுத்தி, ஸ்டீராய்டு குடுத்து மெதுவா கொறச்சாங்க. வலிப்புக்கு லெவெடிரசெட்டம், அது லிவருக்கு பாரம் குடுக்காம பெரும்பாலும் கிட்னி வழியா போயிடுமாம். ரெண்டு மாசத்துல லிவர் டெஸ்ட் நார்மல். ஆனா இந்த மாத்திரைக்கு கோவம் வரும்னு சொல்லியிருந்தாங்க, வருது. கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மின்னா தட்டு பறக்குது. "லிவரு பொழச்சிடுச்சு, இப்ப நான்தான் மாட்டிக்கிட்டேன்"னு அம்மா பொலம்புது, அவன் காதுல விழாத மாதிரி.