அம்மாயியின் கண்கள்

போன ஞாயிறு விடியற்காலை அம்மாயி, என் அம்மாவின் அம்மா, போய்விட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அழுகை தொடங்குவதற்கு முன்பே மாமா செய்த முதல் வேலை, கண் தானத்துக்குப் போன் பண்ணியது. 6 மணித்தியாலத்துக்குள் எடுத்தாக வேண்டும். எங்கள் தோட்டத்துப் பாதையோ மழையில் சேறு.

சொல்லித் தந்தபடி தலையைக் கொஞ்சம் உயர்த்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்தேன். பஞ்சு காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தேன். கொழுந்துக் கறை படிந்த அவருடைய பெருவிரல் என் கைக்குள் இருந்தது.

"கண்ண எடுத்தா அடுத்த பிறவியில குருடா பொறப்பாங்களே தம்பி" என்று அத்தை அழுதார். இதே கேள்விக்கு அம்மாயியே முன்பு பதில் சொல்லியிருக்கிறார்: "கண்ணப்பர் சாமிக்கே குடுத்தாரு. நான் மனுசனுக்குக் குடுத்தா என்னா?"

வந்தவர்கள் அரை மணித்தியாலத்தில் முடித்தார்கள். முகம் தூங்குவது போலவே இருந்தது, அத்தையே தொட்டுப் பார்த்தார். அம்மாயிக்கு சீனி வருத்தம், கண்ணாடியும் போட்டவர். அதெல்லாம் தடையில்லையாம். மற்றவருக்குப் பொருத்துவது கருவிழியின் முன்னால் உள்ள தெளிவான படலத்தைத்தான். அதில் இரத்தக் குழாய் இல்லாததால் பெரும்பாலும் இரத்த வகை பார்க்க வேண்டியதில்லை.

இலங்கை கண் தான சங்கத்தை 1961இல் ஆரம்பித்தவர் டொக்டர் ஹட்சன் சில்வா. தன் தாயின் கண்களையே தானமாகக் கொடுத்த மனிதர். 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். இன்று வரை 50க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்தும் நிறையப் போகட்டும்.

ஹட்டன் பக்கம் யாருக்காவது படிவம் வேண்டுமென்றால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். அத்தைக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அவரே கேட்டார்.