அழகருக்கு நேர்ந்த சீனி

2025 மே 8, வியாழன்

நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அத்தை கட்டிலில் இருந்தபடியே, "இன்னும் குளிக்கலையா, முகூர்த்தம் வந்துரும்" என்று விரட்டினார். மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குப் போக முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது இந்த ஊர் வழக்கம்.

ஒன்பது மணிக்கு மகளின் பிளஸ் டூ ரிசல்ட். டிவியில் கல்யாணம் முடிந்த கையோடு செல்போனில் மார்க் வந்துவிட்டது. நல்ல மார்க்தான். நர்சிங் சேர்கிறாயா என்று சும்மா கேட்டேன். "வேணாம்மா. ஒரு வீட்டுல ஒரு ஆள் காணாமப் போனாப் போதும்." அத்தை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வர அரை மணி நேரம் ஆனது.

மே 10, சனி

அழகர் மலையிலிருந்து கிளம்பிவிட்டார். எனக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. திருவிழா நேரத்தில் வார்டு நிரம்பும், அதனால் யாருக்கும் கிடையாது என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் ஒரு தோழி கைகொடுத்தாள்: என்னுடைய ஒரு நைட்டை அவள் பார்ப்பாள், அவளுடைய இரண்டை அடுத்த வாரம் நான் பார்க்க வேண்டும். வட்டி கொஞ்சம் கூடுதல்.

ஆழ்வார்புரம் பக்கம் எங்கள் தெருப் பையன்கள் போடுகிற நீர்மோர்ப் பந்தலில் ஒரு ஓரம் முதலுதவிக்கு. ஏழாவது வருஷம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டாதே, முழு பாக்கெட்டும் ஒரு லிட்டருக்கு, தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறி ஆளை இன்னும் வாட்டும் என்று ஏழாவது முறையாகச் சொல்லிக்கொடுத்தேன். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. "தலைதட்டின்னா?" என்று ஒருவன் கேட்டான். கத்தியால் வழித்துக் காட்டினேன்.

மே 11, ஞாயிறு

எதிர்சேவை, ஊருக்குள் வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற நாள். தல்லாகுளம் வரை தலைதான். பகலில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு உள்ளங்கால் கொப்புளம். ஒரு பெரியவருக்குக் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தும் வலியே தெரியவில்லை. பதினைந்து வருஷத்து சுகர், காலில் உணர்ச்சி போயிருக்கிறது. கட்டுப் போட்டு, என் வீட்டுக்காரரின் செருப்பைக் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்காரர் வெறுங்காலோடு டீ வாங்கப் போனார்.

மே 12, திங்கள்

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அழகர் ஆற்றில் இறங்குவதை நான் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் டூட்டி, இல்லையென்றால் பந்தல். இந்த வருஷம் பந்தலைப் பத்து நிமிடம் மகளிடம் விட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஐந்தரை இருக்கும். இரண்டு பேர் ஒரு பாட்டியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் முத்து முத்தாக வியர்வை, கை ஐஸ், பேச்சு குழறுகிறது. முந்தி முடிச்சில் சுகர் மாத்திரை அட்டை. குத்திப் பார்த்தேன்: 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. முந்தின நாள் முழுக்க விரதம், ஆனால் ராத்திரி மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறது. விட்டால் டாக்டர் திட்டுவாராம்.

குளுக்கோஸ் டப்பாவைத் தேடினால், ராத்திரியே பையன்கள் கரைத்துக் குடித்துத் தீர்த்திருந்தார்கள். திட்டக்கூட நேரமில்லை. பாட்டி மடியில் ஒரு பித்தளைச் செம்பு, வாயில் வாழை இலை கட்டி, மேலே, அழகரைக் கண்டதும் ஏற்றிக் காட்டுவதற்கு வைத்த சூடம். உள்ளே என்ன என்று மதுரைக்காரிக்குத் தெரியாதா. இலையைப் பிரித்தேன்.

கிழவிக்கு அவ்வளவு மயக்கத்திலும் கை வந்து செம்பைப் பிடித்தது. "ஏ தாயி, அது அழகருக்கு நேர்ந்த சீனி."

"அழகர் கோவிச்சுக்கிட மாட்டாரு ஆத்தா. வாயத் திற."

முழுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து மூன்று டீஸ்பூன். வெளியே "கோவிந்தா" என்று ஆறே அதிர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்த வேண்டும். 62. இன்னொரு மூன்று ஸ்பூன். 88. அப்புறம்தான் கிழவி கேட்டது: "எறங்கிட்டாரா?"

இறங்கி, கிளம்பியும் விட்டார். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கிறவரை சுகர் மறுபடி இறங்கும். அதனால் இரண்டு இட்லியைத் தின்ன வைத்து, நடக்கிறேன் என்று முரண்டு பிடித்தவளை 108-இல் ஏற்றிவிட்டோம். பேரன் நம்பரை மகள் நோட்டில் எழுதி வைத்தாள்.

வீட்டில் அத்தை கேட்டார், "என்ன பட்டு கட்டியிருந்தாரு?" முழித்தேன். "பச்சைடி. நான் டிவியில பாத்தேன்." இன்று செவிலியர் தினம் வேறு, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். வார்டில் கேக் வெட்டிய படம் வாட்ஸப்பில் வந்தது. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

மே 13, செவ்வாய்

தூங்கினேன். அத்தைக்குத் துணி மாற்றினேன். மறுபடி தூங்கினேன்.

மே 14, புதன்

பந்தல் சாமான்களைப் பிரிக்கும்போது செம்பு அகப்பட்டது. பேரனுக்குப் போன் போட்டேன். பாட்டி நேற்றே வீட்டுக்கு வந்தாயிற்று, மாத்திரையையும் குறைத்திருக்கிறார்களாம். செம்பைக் கொண்டுவந்து தரட்டுமா என்றேன். போனைப் பிடுங்கி கிழவியே பேசியது: "இங்க எதுக்கு? இன்னைக்குப் பூப்பல்லக்கு. நீயே அவருகிட்டக் காட்டிரு."

பாதிச் சீனியோடு எப்படிக் காட்டுவது என்று அத்தையிடம் கேட்டேன். "நம்ம டப்பாவுல இருந்து போட்டு ரொப்பு. யாரு சீனின்னு அவரு கேக்கப்போறாரா?"

ரொப்பினேன். புது இலை கட்டினாள் மகள். ராத்திரி தல்லாகுளத்தில் கூட்டத்துக்குள் நுழைந்து, பல்லக்கு தூரத்தில் தெரிகிற நேரத்தில்தான் ஞாபகம் வந்தது, சூடம் எடுத்து வரவில்லை. பக்கத்தில் மொட்டை போட்டிருந்த பையனிடம் ஒரு துண்டு கடன் வாங்கினேன்.